உத்தனப்பள்ளியில் ஒரு மதுரைக்காரன்

திம்மராயனுக்கு மீசை வைக்கச் சொன்னது நான்தான். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு நடந்ததில் அவன் முட்டாள்தனத்துக்கும் கொஞ்சம் பங்கு உண்டு. ஆனால் மீசை முழுக்க என் வேலை.

ஓசூர் சிப்காட்டில் கியர் ஷாஃப்ட் செய்கிற ஒரு கம்பெனியில் நான் தர ஆய்வாளன். பெயர் மோகன்குமார். ஒருவன் எட்டு மணி நேரம் நின்று செய்த பொருளை அளந்து பார்த்து, முடியளவு பிசகியிருந்தால் சிவப்புப் பெயிண்ட்டைத் தடவி ரிஜெக்ட் பெட்டியில் போடுவதற்கு எனக்குச் சம்பளம். ஏழு வருடமாகச் செய்கிறேன். நல்ல வேலை. எவன் முகத்தையும் பார்க்க வேண்டியதில்லை, பொருளைப் பார்த்தால் போதும்.

திம்மராயன் கிரைண்டிங் மெஷினில் நிற்பவன், ஒப்பந்தத் தொழிலாளி. ராயக்கோட்டை ரோட்டில் உத்தனப்பள்ளிக்குப் பக்கத்தில் வீடு. அப்பா இல்லை. அம்மா பூவம்மாள் இரண்டு ஏக்கரில் தக்காளியும் கேழ்வரகும் போட்டுக்கொண்டிருந்தாள். வீட்டில் பேசுவது கன்னடம். பூவம்மாள் ஆனேக்கல் பக்கத்திலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்தவள். முப்பது வருடம் ஆகியும் தமிழ் அவளுக்குக் காதில் ஏறியதே தவிர வாயில் வரவில்லை. அதனால் யாருக்கும் ஒரு குறையும் இல்லை. அந்தப் பக்கத்தில் கடைக்காரர், கண்டக்டர், மாட்டு டாக்டர் எல்லாருமே மூன்று பாஷை பேசுகிறவர்கள்.

அதைக் குறை என்று நினைத்தவன் திம்மராயன் ஒருவன்தான். பத்தாவது வரை கன்னட மீடியத்தில் படித்தான். ஐ.டி.ஐ. படிக்க ஓசூருக்கு வந்தபோது அவன் தமிழைக் கேட்டு வகுப்பே சிரித்ததாம். அதற்குப் பிறகு அவன் தமிழைப் புத்தகத்தில் கற்றுக்கொள்ளவில்லை, மதுரைப் படங்களில் கற்றுக்கொண்டான். மதுரைப் படம் என்றால் உங்களுக்கே தெரியும். திருவிழா, புழுதி, லுங்கியை மடித்துக் கட்டிய பத்துப் பேர் சுமோவிலிருந்து குதிப்பது, முதுகுக்குப் பின்னாலிருந்து அருவாளை உருவுவது, உருவும்போது 'ஷிங்' என்று ஒரு சத்தம். திம்மராயன் சேலத்துக்குத் தெற்கே போனதே இல்லை. ஆனாலும் தமிழன் ஆவது என்றால் மதுரைக்காரன் ஆவது என்று அவன் மண்டையில் பதிந்துவிட்டது.

சிரிக்கிறேன் என்று நினைக்காதீர்கள். எனக்கும் மதுரையைச் சொல்லிக்கொடுத்தது அதே படங்கள்தான். என் அப்பா மதுரையில் பள்ளிக்கூட யூனிஃபார்ம் தைப்பவர். தெருவில் யாராவது சத்தமாகப் பேசினால் மெஷினை நிறுத்திவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொள்வார். நான் அவர் பிள்ளை. இந்தக் கம்பெனியில் சேர்ந்த முதல் நாள், கேன்டீன் வரிசையில் எனக்கு முன்னால் நின்றவன் எந்த ஊர் என்று கேட்டான். மதுரை என்றேன். அவன் ஒரு அடி தள்ளி நின்று, "நீங்க முன்னால போங்க பிரதர்" என்றான். அன்று சாயங்காலமே கண்ணாடியில் என் முகத்தை வேறு மாதிரி பார்த்தேன். ஒரு மாதத்தில் மீசை வந்தது, பிறகு நடை, பிறகு பேச்சு. நான் பிறந்த ஊரை நான் ஓசூருக்கு வந்துதான் கற்றுக்கொண்டேன்.

அந்த மீசைதான் எனக்குப் பூங்கொடியை இல்லாமல் செய்தது.

பூங்கொடி எங்கள் கம்பெனியில் பேக்கிங் செக்‌ஷன். அவள் அப்பா மூர்த்தி, மத்திகிரியில் எனக்கு அடுத்த தெரு. ஒரு வே பிரிட்ஜில் லாரி எடை போடுகிற வேலை. அவரும் மதுரைப் பக்கத்துக்காரர்தான், பதினைந்து வருடத்துக்கு முன் குடும்பத்தோடு இங்கே வந்துவிட்டவர். போன வருடம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் அவர் வீட்டுக்குப் போய், நானே வாயைத் திறந்து பெண் கேட்டேன். காபி கொடுத்தார். வீட்டில் டிவி இல்லை என்பதை அப்போதுதான் கவனித்தேன்.

"எந் தம்பிய வெட்டிட்டாங்க" என்றார், நேற்று நடந்ததைச் சொல்வது போல. "டீக்கடையில எனக்குப் பக்கத்துலதான் உக்காந்திருந்தான். படத்துல அருவாள உருவுறப்ப ஒரு சத்தம் வருமே, நெசத்துல அது வராது தம்பி. ஒரு சத்தமும் வரல. டீ கிளாஸைக் கீழ போட்டுட்டான்னுதான் நெனச்சேன்."

நான் காபியைக் கீழே வைத்தேன்.

"நீங்க நல்ல பிள்ளதான். ஆனா இந்த மீசை, இந்தப் பேச்சு, அங்கிட்டு உள்ள எதுவுமே எனக்கு வேணாம். சாதி ஒரு பக்கம் கெடக்கட்டும். அருவாங்கிற வார்த்தையே காதுல விழாத வீட்டுல எம் பொண்ணு சோறு திங்கணும். எனக்கு அம்புட்டுதான் வேணும்."

அந்த இடத்தில் நான் உண்மையைச் சொல்லியிருக்கலாம். ஐயா, இது வெறும் முடி, எங்கப்பா தையல்காரர், சண்டை என்றால் நானும் கதவைச் சாத்திக்கொள்கிற ஆள் என்று சொல்லியிருந்தால், அந்த மனிதர் ஒருவேளை சிரித்திருப்பார், பெண்ணையும் கொடுத்திருப்பார். ஆனால் மறுநாள் கேன்டீனில் நான் யாராக நிற்பது? பூங்கொடியா மதுரையா என்று வந்தபோது நான் மதுரையை வைத்துக்கொண்டேன். மீசையை முறுக்கிக்கொண்டே படியிறங்கினேன்.

எட்டு மாதம் கழித்து, புரட்டாசியில், திம்மராயன் என்னைத் தேடி இன்ஸ்பெக்‌ஷன் மேஜைக்கு வந்தான். காது வரை சிரிப்பு.

"மோகன்ணா, ஒண்ணு சொல்றன், யாருகிட்டயும் சொல்லாதீங்க. பேக்கிங் பூங்கொடி இல்ல, அவங்க வீட்ல என்னக் கேட்டுருக்காங்க. அதுக்கு என்னப் புடிச்சிருக்காம். அவங்கப்பா ஆயுத பூஜைக்குக் கம்பெனிக்கு வராராம், என்னப் பாக்க."

எங்கள் கம்பெனியில் ஆயுத பூஜை அன்று கேட்டைத் திறந்துவிடுவார்கள். யார் வேண்டுமானாலும் குடும்பத்தோடு உள்ளே வரலாம், நம்மவன் நிற்கிற மெஷினைப் பார்க்கலாம், பொரி வாங்கிப் போகலாம். அந்தக் கூட்டத்தோடு கூட்டமாக மாப்பிள்ளை பார்த்துவிட்டுப் போகிற வழக்கமும் உண்டு. பிடிக்காவிட்டால் இரண்டு பக்கத்துக்கும் அவமானம் இல்லை, பொரி வாங்க வந்தோம் என்று போய்விடலாம்.

மூர்த்தி ஏன் இவனை ஒப்புக்கொண்டார் என்பது எனக்கு அந்த நொடியே புரிந்துவிட்டது. தக்காளித் தோட்டம், கன்னடம் பேசுகிற அம்மா, குரல் உயர்த்தத் தெரியாத பையன். அவர் தேடிய வீடு அதேதான். திம்மராயன் குளித்துவிட்டு, அம்மாவைக் கூட்டிக்கொண்டு, வாயைப் பொத்திக்கொண்டு வந்து நின்றால் போதும். பூங்கொடி அவனுக்குத்தான்.

"அவங்க மதுரைக்காரங்க ணா" என்றான். குரல் இறங்கிவிட்டது. "என்ன மாதிரி ஆளப் பாத்தா சிரிப்பாங்களோன்னு பயமாக்குது. எனுக்கு உங்கள விட்டா யாரு இருக்காங்க? நீங்கதான் சொல்லித் தரணும்."

எனக்கு எரிந்தது. அதை எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை, எரிந்தது என்றுதான் சொல்ல முடியும். என்னிடம் இருந்த எதை மூர்த்தி வேண்டாம் என்றாரோ, அதையே இவன் கை நீட்டிக் கேட்கிறான்.

"மொதல்ல மீசைய விடு" என்றேன்.

பயிற்சி சைக்கிள் ஸ்டாண்டுக்குப் பின்னால், சாப்பாட்டு நேரத்தில் நடந்தது. என்னோடு தெற்கத்திப் பையன்கள் நான்கைந்து பேர் சேர்ந்துகொண்டார்கள். அவர்களுக்குப் பூங்கொடி விஷயம் தெரியாது, வேடிக்கை மட்டும் தெரியும். வேட்டியை முழங்காலுக்கு எவ்வளவு மேலே மடிக்க வேண்டும், பேசுவதற்கு முன் எத்தனை நொடி முறைக்க வேண்டும் என்று எல்லாவற்றுக்கும் நான் கணக்குச் சொன்னேன். அவன் மதுரைப் பேச்சில் நடுநடுவே திருநெல்வேலி 'ஏலே' வந்து விழும். பையன்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உருளுவார்கள். அவனும் கூடச் சிரிப்பான். தன்னைக் கூட்டத்தில் சேர்த்துக்கொண்டார்கள் என்று நினைத்துக்கொண்டு சிரித்த சிரிப்பு அது. 'ணா' போய் 'அண்ணே' வந்தது. இரண்டாவது வாரம் மீசையில் எண்ணெய் தடவிச் சீவினான். கண்ணெல்லாம் பசுமாட்டுக் கண், அதற்குக் கீழே அந்த மீசை.

"எங்கம்மாவ என்ன பண்றது அண்ணே? வாயத் தொறந்தா கன்னடந்தான் வரும்."

"தொறக்க வேணாம்னு சொல்லு."

"ஒண்ணுமே பேசாமயா?"

"எங்க ஊர்ல சபையில பொம்பளைங்க பேச மாட்டாங்க. அதுதான் மரியாதை" என்றேன். எங்கள் வீட்டில் அம்மா பேசுவதற்கு நடுவில் மூச்சு விட மட்டும்தான் அப்பாவுக்கு நேரம் கிடைக்கும்.

கடைசியாக அருவாள். எங்கள் ஊரில் அருவாள் வைக்காமல் ஆயுத பூஜையே கிடையாது, மாப்பிள்ளை தன் கையால் செய்த அருவாளைப் படையலில் வைத்து மாமனாருக்கு எடுத்துக் காட்டினால் பெண்ணைக் காப்பாற்ற ஆள் இருக்கிறது என்று அர்த்தம் என்றேன். எங்கள் வீட்டு ஆயுத பூஜையில் அப்பா வைப்பது தையல் கத்தரியும் இஞ்ச் டேப்பும்.

திம்மராயன் வீட்டில் தேங்காய் வெட்டவும் வேலிக்கிளை கழிக்கவும் ஒரு மச்சுக் கத்தி உண்டு, கட்டையாக, துருவேறி. அது சரிப்படாது என்று அவனுக்கே தெரிந்தது. ராயக்கோட்டையில் ஒரு கொல்லரிடம் லாரி ஸ்பிரிங் பட்டையைக் கொடுத்தான். கொல்லருக்கு எங்கள் பக்கத்து அருவாள் எப்படி வளையும் என்று தெரியவில்லை. திம்மராயன் போனில் ஒரு சினிமாச் சண்டையை ஓடவிட்டு, அருவாள் தெரிகிற இடத்தில் நிறுத்திக் காட்டினான். அதைப் பார்த்து அடித்துக் கொடுத்தார். பிறகு மத்திகிரியில் தெரிந்த லேத் பட்டறையில் உட்கார்ந்து ஐந்து நாள் இவனே தேய்த்தான். கிரைண்டிங்காரன் கை. கொண்டுவந்து என்னிடம் நீட்டியபோது அதில் என் முகம் தெரிந்தது, மீசை உட்பட. ஏழு வருடத்தில் அவ்வளவு நேர்த்தியான ஒரு பொருளை நான் அளந்ததில்லை.

"பாஸா அண்ணே?"

"பாஸ்" என்றேன்.

ஆயுத பூஜை அன்று காலை மெஷின் ஷாப் முழுக்க மாவிலை, கலர்த்தாள், சாம்பிராணிப் புகை. ஸ்பீக்கரில் ஒரு தமிழ்ப் பாட்டு, ஒரு தெலுங்கு, ஒரு கன்னடம், ஒரு இந்தி என்று முறை வைத்து ஓடியது. முந்தின வருடம் எந்த நடிகர் பாட்டு முதலில் என்று கைகலப்பு ஆனதால், சூப்பர்வைசர் சுரேந்தர் அப்படி ஒரு சட்டம் போட்டிருந்தார். திம்மராயன் தன் மெஷினுக்குப் பக்கத்தில் வெள்ளை வேட்டி, கறுப்புச் சட்டையில் நின்றான். அருவாள் மெஷினில் கட்டிய வாழைக்கன்றுக்குப் பின்னால் இருந்தது. வாழைக்கட்டோடு சேர்த்து உள்ளே கொண்டுவந்துவிட்டான், அன்று கேட்டில் யாரும் பையைத் திறந்து பார்ப்பதில்லை.

பூவம்மாளை அன்றுதான் முதலில் பார்த்தேன். சின்ன உருவம். புதுப்புடவை மடிப்புக் கலையாமல் விறைத்துக்கொண்டு நின்றது. கையில் ஒரு எவர்சில்வர் டப்பா. உள்ளே ஒப்பட்டு, நம் ஊர்ப் போளிதான், விடியுமுன் எழுந்து தட்டியதாம். என்னைக் காட்டி மகன் ஏதோ சொன்னான். அவள் டப்பாவோடு சேர்த்துக் கும்பிட்டாள், வாயைத் திறக்கவில்லை. நன்றாகப் பழக்கிவைத்திருந்தான்.

பத்தரை மணிக்கு மூர்த்தி வந்தார். வெள்ளைச் சட்டை, நெற்றியில் விபூதி. பின்னால் பூங்கொடி, பச்சைப் புடவையில். திம்மராயனின் மீசையைப் பார்த்ததும் அவள் நெற்றி சுருங்கியது. மூர்த்தியும் பார்த்தார். ஆனால் மனிதர் நல்ல மனதோடு வந்திருந்தார், கண்ணை அங்கிருந்து எடுத்துப் பூவம்மாளிடம் திரும்பினார். பதினைந்து வருடம் லாரிக்காரர்களோடு பேசிப் பழகிய கன்னடம் அவருக்கு இருந்தது, அதில் கொஞ்சம் பெருமையும் இருந்தது.

"நமஸ்கார அம்மா. ஊட்டா ஆயித்தா?" என்றார். சாப்பிட்டீர்களா என்று.

பூவம்மாள் முகம் மலர்ந்தது. அந்தக் கம்பெனிக்குள் நுழைந்ததிலிருந்து அவளுக்குப் புரிந்த பாஷையில் அவளிடம் பேசிய முதல் ஆள். வாய் பாதி திறந்துவிட்டது. அப்போது நினைவு வந்து மகனைப் பார்த்தாள்.

திம்மராயன் என்னைப் பார்த்தான். நான் மீசையைத் தடவினேன்.

"எங்கம்மாவுக்குக் கன்னடம் வராதுங்க மாமா" என்றான்.

பூவம்மாள் வாயை மூடிக்கொண்டாள். டப்பாவை இரண்டு கையாலும் வயிற்றோடு சேர்த்துப் பிடித்தாள். மூர்த்திக்குக் குழப்பமாக இருந்தது. கன்னடக் குடும்பம் என்றுதானே விசாரித்து வந்தார். "அப்படிங்களா" என்று மட்டும் சொன்னார்.

பையன்கள் சுற்றி நின்று போனைத் தூக்கிப் பிடித்தார்கள். ஒரு தெலுங்குப் பாட்டு முடிந்து அடுத்தது தொடங்குவதற்குள் கிடைத்த அமைதியில், திம்மராயன் நான் சொல்லிக்கொடுத்தபடி மூன்று நொடி முறைத்தான். வாழைக்கன்றுக்குப் பின்னால் கைவிட்டு அருவாளை உருவினான். வாழைப்பட்டையிலிருந்து உருவினால் சத்தம் வராது. அதனால் வாயாலேயே 'ஷிங்' என்றான். அதை நான் சொல்லிக்கொடுக்கவில்லை. அது அவனே சேர்த்தது.

"மாமா! பொண்ணக் குடுத்தா பூவா வெச்சிருப்பேன். அவ மேல எவன் கண்ணாச்சும் பட்டுச்சு, அந்தக் கண்ணு இருக்கும், அதத் தாங்குற தலை இருக்காது!"

வசனம் என்னுடையது. விசில் பறந்தது. நான் வாய்விட்டுச் சிரித்தேன்.

மூர்த்தி சிரிக்கவில்லை, கோபப்படவும் இல்லை. ஒரு கையைப் பின்னால் நீட்டி மகளைத் தன் முதுகுக்குப் பின்னால் இழுத்துக்கொண்டார். இன்னொரு கையில் இருந்த பொரிப் பொட்டலம் சாய்ந்து கொட்டிக்கொண்டே இருந்தது, அது அவருக்குத் தெரியவில்லை. கண் முழுக்க அந்த இரும்பின் மேலேயே இருந்தது. உதடு வெளுத்துவிட்டது.

"சரிங்க தம்பி" என்றார். "பூஜைய நல்லபடியா முடிங்க."

பின்பக்கமாகவே நான்கு எட்டு நடந்து, பிறகுதான் திரும்பினார். பூங்கொடி ஒரு தரம் திரும்பிப் பார்த்தாள், அவனை இல்லை, என்னை. பூவம்மாள் டப்பாவைத் தூக்கிக்கொண்டு அவர்கள் பின்னால் பத்தடி ஓடினாள். கூப்பிடுவதற்கு அவளுக்கு அனுமதிக்கப்பட்ட பாஷை ஒன்றும் இல்லை. திரும்பி வந்து, யாரிடம் கொடுப்பது என்று தெரியாமல், என்னிடம் நீட்டினாள். அந்த ஒப்பட்டை நாங்கள்தான் தின்றோம். நன்றாக இருந்தது.

சுரேந்தர் வந்து அருவாளைப் பார்த்தார். ஷாப்புக்குள் ஆயுதம் என்று ஆபீசுக்கு ரிப்போர்ட் போனது. வீடியோவும் போனது. அந்த மாதக் கடைசியில் திம்மராயனின் ஒப்பந்தத்தை நீட்டிக்கவில்லை. அருவாளை மட்டும் கேட்டில் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள்.

நான் அதோடு நிறுத்தியிருந்தால் இதை இவ்வளவு விவரமாக எழுத வேண்டிய அவசியம் வந்திருக்காது.

தீபாவளி கழிந்து ஒரு நாள் பூங்கொடி என் மேஜைக்கு வந்தாள். சுற்றி வளைக்கவில்லை.

"வீடியோல பின்னால கேக்குற சிரிப்பு உங்களோடதுதானேண்ணே?"

நான் ஒரு ஷாஃப்ட்டை எடுத்து அளக்க ஆரம்பித்தேன்.

"உங்க மேல கோவம் எல்லாம் அப்புறம். ஒரு உதவி செய்யுங்க. அவருகிட்ட பேச மாட்டேன்னு எங்கப்பா தலையில அடிச்சு சத்தியம் பண்ணியிருக்கேன், அதனாலதான் உங்ககிட்ட வந்து நிக்குறேன்." அவள் கண் நிறைந்துவிட்டது. துடைக்கவில்லை. "ஒருநாள் லோடிங் பக்கம் அவரு அவங்கம்மாகிட்ட போன்ல பேசிட்டிருந்தாரு. கன்னடத்துல. எனக்குப் பாதிதான் புரிஞ்சுது. தக்காளிக்குத் தண்ணி விட்டியா, காலு வலிக்குதா, மருந்து போட்டியான்னு. அம்புட்டு மெதுவா ஒரு ஆம்பள பேசி நான் கேட்டதே இல்ல. அதுலதான் எனக்குப் புடிச்சுது. எங்கப்பாகிட்டயும் அதைத்தான் சொன்னேன். அந்த மீசைய எடுத்துட்டு, அவங்கம்மாவக் கூட்டிட்டு வந்து, அவங்க பேசுற பாஷையில நாலு வார்த்தை பேசச் சொல்லுங்க. அப்பா மனசு மாறிடுவாரு. அவருக்கு அந்தம்மாவ நெனச்சா இப்பவும் பாவமாத்தான் இருக்கு."

"சொல்றேன்" என்றேன்.

சொல்லத்தான் நினைத்தேன். அந்த ஞாயிற்றுக்கிழமையே திம்மராயன் மத்திகிரி பஸ் ஸ்டாப்பில் எனக்காகக் காத்திருந்தான். இளைத்திருந்தான். மீசை மட்டும் கொழுத்திருந்தது.

"அண்ணே, நான் என்ன தப்புப் பண்ணேன்? ராத்திரி பகலா யோசிச்சுப் பாத்துட்டேன். நீங்க சொன்ன எல்லாத்தையும் செஞ்சேன். வசனத்துல ஒரு வார்த்தை விடல. எங்க கோட்டை விட்டேன்? சொல்லுங்க, திருத்திக்கிறேன்."

அழுகையைக்கூட அவன் மதுரைப் பேச்சிலேயே அழுதான். நான் அவனைப் பார்த்தேன். இவன் இப்போது வீட்டுக்குப் போய் முகத்தை மழித்துக்கொண்டு, அம்மா கையைப் பிடித்துக்கொண்டு மூர்த்தி வாசலில் நின்றால் போதும். அவன் அவனாகவே போய் நின்று ஜெயித்துவிடுவான். அப்படியானால் இந்த ஏழு வருடம் நான் யாராக நின்றேன், எதற்காக நின்றேன்? அந்தக் கேள்வியை என்னால் தாங்க முடியவில்லை. வேறு காரணம் எதுவும் இல்லை.

"உங்கம்மாதான்டா" என்றேன்.

"அம்மாவா?"

"அவங்க முழிச்ச முழியிலயே கன்னடக்காரங்கன்னு அந்த ஆளு கண்டுபுடிச்சுட்டாரு. அதான் கிளம்பிட்டாரு. உன் மேல ஒரு குத்தமும் இல்ல."

அவன் தலையாட்டினான். நன்றி சொன்னான். பஸ் வந்தது, ஏறிப் போய்விட்டான்.

பூங்கொடி கார்த்திகை முழுக்கக் காத்திருந்தாள். சொன்னீங்களா என்று இரண்டு தரம் கேட்டாள். சொன்னேன், அவன் ஒன்றும் சொல்லவில்லை என்றேன். மூன்றாவது தரம் கேட்கவில்லை. தை மாதம் கல்லாவியில் ஒரு விவசாயக் குடும்பத்தில் அவளுக்குக் கல்யாணம் ஆனது. பந்தியில் மூர்த்தி தானே வந்து எனக்கு இன்னொரு கரண்டி பாயசம் ஊற்றினார்.

பங்குனியில் வேலையாக ராயக்கோட்டைக்கு பைக்கில் போனபோது, உத்தனப்பள்ளியில் வெயில் தாங்காமல் நிறுத்தினேன். ரோட்டோரத் தக்காளி மண்டியில், "அண்ணே!" என்று ஒரு குரல். திம்மராயன் லாரியில் தக்காளி கிரேட் ஏற்றிக்கொண்டிருந்தான். மீசை காது வரை போயிருந்தது. இடுப்பில் துண்டு, அதற்குள் அந்த அருவாள். மண்டியில் எல்லாரும் அவனை 'மதுரை' என்றே கூப்பிட்டார்கள். அவன் அதற்குத் திரும்பிப் பார்க்கும்போது முகம் எப்படிப் பூரித்தது என்று நான் சொல்லவே மாட்டேன்.

"வீட்ல திரும்பப் பொண்ணு பாக்குறோம் அண்ணே. இந்தத் தடவ ஒரு குறையும் வராது. எங்கம்மாவச் சரி பண்ணிட்டேன்" என்றான். "வீட்ல கன்னடமே கெடையாது. பேசுனா நான் பதில் சொல்றதில்ல, சோறும் திங்குறதில்ல. மூணு நாளு பட்டினி கெடந்தேன், அப்புறம் வழிக்கு வந்துட்டாங்க. அம்மா! இங்க வாங்க. யாரு வந்துருக்காங்க பாருங்க. சொல்லுங்க."

தக்காளி பொறுக்கிக்கொண்டிருந்த பூவம்மாள் எழுந்து வந்தாள். பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி கையைக் கட்டிக்கொண்டாள். மகன் உதட்டைப் பார்த்துக்கொண்டே, ஒவ்வொன்றாக எடுத்து வைத்தாள்.

"வாங்க… தம்பி. நல்லா… இருக்கீங்களா. அங்கிட்டு… எல்லாரும்… சொகமா."

"பாத்தீங்களா அண்ணே?" என்றான் திம்மராயன். "பாஸா?"

நான் பதில் சொல்வதற்குள் லாரிக்காரன் ஹாரன் அடித்தான். அவன் கிரேட்டைத் தூக்க ஓடினான். பூவம்மாள் அவன் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் லாரிக்கு அந்தப் பக்கம் போய் மறைந்ததும், சட்டென்று ஒரு எட்டு என் பக்கத்தில் வந்தாள். ரொம்பச் சின்னக் குரலில், மூச்சு மாதிரி கேட்டாள்.

"ஊட்டா ஆயித்தா அப்பா?"

கேட்டுவிட்டு என் முகத்தைப் பார்த்தாள். ஒரு வார்த்தை திரும்பக் கிடைக்குமா என்று நின்றாள். ஆயித்து அம்மா என்று சொன்னால் போதும். ஏழு வருடம் ஓசூரில் இருக்கிறவன் நான், எனக்குக் கன்னடம் நன்றாகவே வரும்.

லாரிக்குப் பின்னால் 'மதுரை, மதுரை' என்று யாரோ கூப்பிட்டார்கள். நானும் சேர்ந்துதான் திரும்பிப் பார்த்தேன். பிறகு மீசையைத் தடவிக்கொண்டு அவளிடம் சொன்னேன்.

"எனக்குக் கன்னடம் தெரியாதும்மா."